பால்வாடி டீச்சரின் மனமும் பிள்ளையின் அழுகையும்: ஓர் எளிய விளக்கம்

“டீச்சர் டென்ஷனா இருந்தா பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கும்.” பெற்றோர் கூட்டங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. கேட்டதும் சரிதானே என்று தோன்றும். ஆனால் இதிலிருந்து ஆளாளுக்கு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். “அப்படின்னா டீச்சர் எப்பவும் சிரிச்ச முகமா இருக்கணும்” என்கிறார் ஒருவர். “வீட்டுக் கவலைய வாசல்லயே விட்டுட்டு வரணும்” என்கிறார் இன்னொருவர். வருஷத்துக்கு ஒரு நாள் யோகா வகுப்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் சித்தி 20 வருஷத்துக்கு மேலாக அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் பால்வாடி டீச்சர் என்று சொன்னால்தான் தெரியும். பள்ளி விடுமுறை நாட்களில் அவருடைய மையத்துத் திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். மேலே சொன்ன மூன்று பேச்சும் அவரைப் போன்றவர்களுக்கு அநியாயம் செய்கின்றன என்பது என் எண்ணம். டீச்சரின் மனநலம் பிள்ளையின் மனசை எந்த வழியாகப் போய்த் தொடுகிறது என்று தெரிந்துகொண்டால், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும். அதனால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

## விழுந்த பிள்ளை முதலில் எங்கே பார்க்கிறது?

ஒன்றரை வயசுப் பிள்ளை ஓடிவந்து தடுக்கி விழுகிறது. கவனித்துப் பாருங்கள், விழுந்த உடனே அது அழாது. ஒரு நொடி சத்தமில்லாமல் இருக்கும். தலையைத் தூக்கி அம்மா முகத்தைத் தேடும். அம்மா “ஐயோ!” என்று பதறினால் ஊரைக் கூட்டும் அழுகை. “ஒண்ணுமில்ல, எந்திரி எந்திரி” என்றால் பாதிப் பிள்ளைகள் எழுந்து மறுபடி ஓடிவிடும். சில பாட்டிமார் இன்னும் கெட்டி. தரையை இரண்டு தட்டுத் தட்டி, “எம் பேரன நீயா தள்ளிவிட்ட?” என்பார்கள். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அந்த ஒரு நொடியில் பிள்ளை கேட்கும் கேள்வி, “இது பயப்பட வேண்டிய விஷயமா?” என்பது. பதில் அதற்குத் தெரியாது. நம்பும் ஒரு பெரியவரின் முகத்தில் அதைப் படித்துக்கொள்கிறது. இதற்கு முகம் பார்த்து அறிதல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

1985-இல் அமெரிக்காவில் இதை ஒரு சோதனையாகவே செய்து பார்த்தார்கள். ஒரு மேசை. அதன் ஒரு பாதியில் கண்ணாடிக்கு நெருக்கமாகவே கட்டம் போட்ட துணி. மறு பாதியில் அதே துணி கொஞ்சம் கீழே இருக்கும். பார்த்தால் பள்ளம் போலத் தெரியும், ஆனால் மேலே கெட்டியான கண்ணாடி இருப்பதால் விழ முடியாது. 1 வயசுப் பிள்ளைகளைத் தவழவிட்டு, எதிர்ப்பக்கம் அம்மாவை நிற்க வைத்தார்கள். அம்மா மலர்ந்த முகத்தோடு நின்றபோது 19 பிள்ளைகளில் 14 பேர் அந்தப் “பள்ளத்தை”த் தாண்டி வந்துவிட்டார்கள். அம்மா முகத்தில் பயம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடத் தாண்டவில்லை. அம்மாக்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பால்வாடியில் அந்த முகம் டீச்சருடையது. தடுப்பூசி போட நர்ஸ் வரும்போது, கூரையிலிருந்து பல்லி விழும்போது, யாரோ அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கும்போது, இருபது பிள்ளைகளின் கண்ணும் முதலில் டீச்சர் பக்கம்தான் திரும்பும்.

## அழுகை எப்படி அடங்குகிறது?

பயமும் கோபமும் வருவது ஒரு பக்கம். வந்ததை அடக்குவது இன்னொரு பக்கம். இதில்தான் நிறையப் பேர் பிள்ளைகளைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். “மூணு வயசாச்சு, இன்னும் இப்படி அழறான், அடம்” என்பார்கள்.

நமக்குள் ஆபத்தை மோப்பம் பிடித்து அலறவைக்கும் மூளைப்பகுதி ஒன்று உண்டு. அதன் பெயர் அமிக்டலா. கைக்குழந்தைக்கே அது நன்றாக வேலை செய்யும். அலறலைக் கேட்டு, “பொறு, யோசிப்போம்” என்று சொல்லும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முன்மூளைப் புறணி. இது முழுசாக முதிர இருபது வயசைத் தாண்டிவிடும். ஆக, 3 வயசுப் பிள்ளையிடம் அலாரம் இருக்கிறது, அதை நிறுத்தும் பொத்தான் சரியாக இல்லை.

சரி, அப்படியானால் அந்த அழுகை எப்படித்தான் அடங்குகிறது? பெரியவரின் பொத்தானைக் கடன் வாங்கித்தான். சைக்கிள் பழகிய நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணனோ மாமாவோ கூடவே ஓடிவருவார்கள். ஓட்டுவது நாம்தான், ஆனால் சாயாமல் இருப்பது அவர்கள் பிடியால். அப்படிப் பல நாள் ஓடிய பிறகு, எப்போது கையை விட்டார்கள் என்று நமக்கே தெரியாமல் தனியாக ஓட்டிக்கொண்டிருப்போம். உணர்ச்சியை அடக்கப் பழகுவதும் இப்படியே. பெரியவரின் நிதானமான குரல், மெதுவான மூச்சு, தூக்கி வைத்துக்கொள்ளும் கை இவற்றின் துணையால் பிள்ளையின் உடம்பு தணிகிறது. இதை ஆய்வாளர்கள் கோ-ரெகுலேஷன் என்கிறார்கள். நான் துணையோடு தணிதல் என்கிறேன்.

ஜூன் மாத முதல் வாரத்தில் சித்தியின் மையத்துக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மா போன திசையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவான். சித்தி “அழாதே” என்று சொல்லவே மாட்டார். இடுப்பில் தூக்கிக்கொள்வார். “அம்மா போயிட்டாங்க, உனக்கு அழுகை அழுகையா வருது” என்பார். அப்படியே நடந்துகொண்டே மற்ற வேலையைப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் அவன் கத்தல் விசும்பலாகும், விசும்பல் பெருமூச்சாகும். பிறகு ஒரு தட்டை அவன் கையில் கொடுத்து, “இத அந்த அக்காகிட்ட குடு” என்பார். பத்து நாள் கழித்து அதே பையன், அழும் இன்னொரு பிள்ளைக்குத் தட்டு கொண்டுபோய்க் கொடுப்பான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பயப்படலாமா கூடாதா என்பதைப் பிள்ளை பெரியவர் முகத்தில் படிக்கிறது. வந்த பயத்தைப் பெரியவரின் நிதானத்தைக் கடன் வாங்கித் தணிக்கிறது. இரண்டும் நடந்து நடந்துதான் சொந்தமாகத் தணியும் திறன் வருகிறது.

## ஒட்டிக்கொள்வது கொஞ்சம், கிடைக்காமல் போவது அதிகம்

இப்போது அந்த “ஒட்டிக்கும்” பேச்சுக்கு வரலாம். அது முழுப் பொய் இல்லை. ஒருவரின் பதற்றம் பக்கத்தில் இருப்பவரின் உடம்புக்குப் பரவுவதை உணர்வுத் தொற்று என்கிறார்கள். 2014-இல் சாரா வாட்டர்ஸ், வெண்டி மெண்டிஸ் ஆகியோர் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அம்மாக்களைப் பிள்ளையிடமிருந்து பிரித்து, தனி அறையில், முகம் சுளிக்கும் ஆட்கள் முன்னால் பேசவைத்தார்கள். படபடப்போடு திரும்பிவந்த அம்மா பிள்ளையை மடியில் வாங்கிய சில நிமிஷங்களில் பிள்ளையின் இதயத்துடிப்பிலும் அந்தப் படபடப்பு தெரிந்தது. அந்த அறையில் என்ன நடந்தது என்று பிள்ளைக்கு எதுவும் தெரியாது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு டீச்சரை ஏதோ நோய்க்கிருமி போலப் பார்ப்பது தப்பு. கவலை யாருக்கு இல்லை? கவலையோடு வந்த டீச்சரும் பிள்ளை அழுதால் தூக்குவார். முக்கியமான சேதம் வேறு இடத்தில் நடக்கிறது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நிதானத்தைக் கடன் கொடுக்க வேண்டுமானால் அது டீச்சரிடம் மிச்சம் இருக்க வேண்டும். 2004-இல் பிரிட்ஜெட் ஹாம்ரே, ராபர்ட் பியாண்டா என்ற இருவர், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களைப் பற்றிய அமெரிக்கத் தரவுகளை அலசினார்கள். மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகம் இருந்தவர்கள் பிள்ளைகளின் தேவையைக் கவனிப்பது குறைந்து, ஒதுங்கியே இருந்தார்கள். அவர்களெல்லாம் பிள்ளைகளை அடித்தார்கள் என்று கதை இல்லை. பிள்ளை கூப்பிட்டபோது திரும்பிப் பார்ப்பது குறைந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த வயசில் அதுவே பெரிசு.

எவ்வளவு பெரிசு என்பதை எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலேயே காட்டிவிட்டார். அம்மாவும் கைக்குழந்தையும் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று அம்மா முகத்தை எந்தச் சலனமும் இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டே நிமிஷம். திட்டக் கூடாது, முறைக்கவும் கூடாது, சும்மா பார்த்தால் போதும். பிள்ளை முதலில் சிரித்துக் காட்டுகிறது. பிறகு கையை நீட்டுகிறது, கத்திப் பார்க்கிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உடம்பு தளர்கிறது, அழுகிறது.

## உடம்புக்குள் ஒரு கணக்கு

எச்சிலை எடுத்துச் சோதித்தால் கார்டிசால் என்ற சுரப்பின் அளவு தெரியும். உடம்பை உசுப்பிவிடும் சுரப்பு அது. இயல்பாகக் காலையில் அதிகமாக இருந்து, பொழுது சாயச் சாயக் குறையும். அமெரிக்காவில் மெகன் கன்னரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரே பிள்ளைகளை வீட்டிலிருந்த நாளிலும் காப்பகம் போன நாளிலும் சோதித்தார்கள். வீட்டில் குறைந்துகொண்டே போன அளவு, காப்பகத்தில் பல பிள்ளைகளுக்கு மதியத்தில் ஏறியது. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறவில்லை. பிள்ளையை எதற்கெடுத்தாலும் அதட்டி, இழுத்துப் பிடித்து நடத்தும் பராமரிப்புக்கும் அந்த ஏற்றத்துக்கும் தொடர்பு தெரிந்தது.

இதற்காகப் பயந்துபோய்ப் பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்பாமல் இருக்காதீர்கள். ஒரு நாள் ஏறி இறங்குவது பிள்ளையைக் கெடுத்துவிடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: நல்ல மனசுள்ள ஒருவர் எப்போது அதட்டுகிறவராக மாறுகிறார்?

## சிரித்த முகமும் ஒரு வேலைதான்

1983-இல் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்ற சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களை வைத்து ஒரு விஷயத்தைச் சொன்னார். அவர்கள் தட்டும் பெட்டியும் தூக்குவதோடு முடியவில்லை, சிரிப்பையும் தயாரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சம்பளத்துக்காக நம் உணர்ச்சியையே வேலைக்கு விடுவதை அவர் உணர்ச்சி உழைப்பு என்றார்.

மூட்டை தூக்கினால் தோள் வலிப்பதை யாரும் குறை சொல்வதில்லை. நாள் முழுக்க இருபது பிள்ளைகளின் அழுகை, சண்டை, பொறாமை, தூக்கக் கலக்கம் எல்லாவற்றுக்கும் பொறுமையை எடுத்து எடுத்துக் கொடுப்பவருக்குள் ஏதாவது தேயும் என்றால் மட்டும், “பிள்ளைங்களோட விளையாடறதுல என்ன கஷ்டம்?” என்கிறோம். உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே மட்டும் சிரிப்பைப் பூசிக்கொள்வதுதான் இருப்பதிலேயே அதிகம் களைப்பூட்டும். அதனால்தான் “எப்பவும் சிரிச்ச முகமா இருங்க” என்ற அறிவுரை எனக்குப் பிடிப்பதில்லை. ஏற்கெனவே முதுகில் இருக்கும் பாரத்தின் மேல் இன்னொரு பாரம் அது.

இப்படித் தேய்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் வருவது பணிச்சோர்வு. ஆள் வற்றிப்போவது, வேலையின் மேலும் பிள்ளைகளின் மேலும் ஒட்டுதல் விட்டுப்போவது, “நான் செஞ்சு என்ன ஆகப்போகுது” என்ற எண்ணம் வருவது என மூன்றும் சேர்ந்தது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதை விளக்கும்போது, வேலையிடத்தில் நீடித்து, சரிசெய்யப்படாத நெருக்கடியால் வருவது என்று சொன்னது. வேலையிடத்தில் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இதையும் ஒருமுறை கோத்துக்கொள்வோம். டீச்சரின் கவலை பிள்ளைக்குப் பரவுவது உண்மை, ஆனால் சின்னப் பங்கு. வற்றிப்போன டீச்சரால் பிள்ளைக்குத் திரும்பிப் பார்க்கும் முகத்தையும் தணிக்கும் கையையும் போதுமான அளவு கொடுக்க முடியாமல் போவது பெரிய பங்கு. வற்ற வைப்பது பெரும்பாலும் வேலை அமைந்திருக்கும் விதம்.

## சித்தியின் ஒரு காலைப்பொழுது

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் இன்று 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். பொதுவாக ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். இணை உணவு, தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது, கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை, எடை பார்ப்பது, மருத்துவமனைக்கு அனுப்புவது, இவற்றோடு முன்பருவக் கல்வி. 2021-இலிருந்து, மையத்து விவரங்களைச் செல்போனில் பதிவேற்றும் போஷன் டிராக்கர் செயலியும் சேர்ந்துகொண்டது.

உதவியாளர் இடம் காலியாக இருந்த ஒரு வருஷம், நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். அடுப்பில் பருப்பு. வாசலில் சத்துமாவு வாங்க வந்த இரண்டு கர்ப்பிணிப் பெண்கள். செயலியில் படம் ஏறவில்லை, சித்தி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் வாசல்படிக்கும் சிக்னல் தேடி நடக்கிறார். ஒரு சின்னப்பெண் களிமண்ணை உருட்டிக்கொண்டு வந்தாள். “டீச்சர், பாம்பு டீச்சர்.” சித்தி “ம்ம்” என்றார். மறுபடி, “டீச்சர், பாம்பு.” மறுபடி “ம்ம்”. சேலை முந்தானையை இழுத்துப் பார்த்தாள். நாலாவது தடவை கத்தியே சொன்னாள். பிறகு திரும்பிப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனை ஒரே தள்ளு. அவன் தலை சுவரில் முட்டியது. சித்தி ஓடிவந்து அவளைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார். நான் அவர் அப்படிக் கத்தி அதற்கு முன் கேட்டதில்லை. முழு அறையும் அடங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகள் காரணமே தெரியாமல் அழ ஆரம்பித்தார்கள்.

அன்று சாயங்காலம் சித்தி சொன்னார்: “அவ நாலு தடவ கூப்பிட்டா. காதுல விழுந்துச்சு. மனசுல ஏறல.”

மேலே ட்ரோனிக்கின் சோதனையில் பிள்ளை சிரித்துப் பார்த்து, கை நீட்டிப் பார்த்து, கத்திப் பார்த்ததே, அதையேதான் இவளும் செய்தாள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு முரட்டுப் பிள்ளை, கோபக்கார டீச்சர். எனக்கு அந்த அறையில் தெரிந்தது ஓர் ஆள் குறைவு.

## காசு கொடுத்தால் பிள்ளைக்கு என்ன லாபம்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2019-இல் ஒரு காரியம் செய்தார்கள். மழலையர் ஆசிரியர்களில் ஒரு பகுதியினருக்கு, குலுக்கல் முறையில், 8 மாதத்தில் 1,500 டாலர் வரை கூடுதலாகக் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று, வேலையில் நீடிக்க வேண்டும். காப்பகங்களில் பணம் கிடைக்காத குழுவில் 30 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். கிடைத்த குழுவில் அது 15 சதவீதம், சரிபாதி.

இது சம்பளக் கணக்கு மாதிரித் தெரியும். பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். முகம் பார்த்து அறிய, பழகிய முகம் வேண்டும். ஜூனில் இடுப்பில் தூக்கிய ஆள் ஆகஸ்டில் இல்லை என்றால், பிள்ளை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்த வேலைக்கு ஒன்றிய அரசு கொடுப்பதன் பெயரே சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2018-இல் பணியாளருக்கான தொகை மாதம் 4,500 ரூபாயாக உயர்ந்தது. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. காலியிடங்களை நிரப்புவதும், ஒருவர் செயலியைப் பார்க்கும்போது இன்னொருவர் பிள்ளைகளோடு இருப்பதும், மத்தியானம் டீச்சர் உட்கார்ந்து சாப்பிட இருபது நிமிஷம் கிடைப்பதும் பிள்ளைகளின் மனநலத்துக்கான செலவுகள்தான். அந்தக் கணக்கில் எழுதினால்தான் சரி. யோகா வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டியை நிரப்பாமல் அகப்பையை மட்டும் தேய்ப்பதில் பலன் இல்லை என்கிறேன்.

பெற்றோராக நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. பிள்ளையை விடும்போது, “ராத்திரி சரியா தூங்கல டீச்சர், இன்னிக்கு கொஞ்சம் சிணுங்குவான்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு வருவது பெரிய உதவி. கூட்டத்தில், “பிள்ளைக்கு ஏ பி சி டி எப்ப சொல்லித் தருவீங்க?” என்று கேட்கும் நேரத்தில், “ஆயா போஸ்டிங் எப்ப போடுவாங்க? நாங்க மனு குடுக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள்.

## ஒரு நாள் கத்திவிட்டால்?

இதைப் படிக்கும் டீச்சர்கள் யாராவது குற்ற உணர்ச்சியோடு நினைத்துக்கொண்டிருந்தால், ட்ரோனிக்கிடமிருந்தே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல அம்மாவும் பிள்ளையும்கூட எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை என்று அவர் கண்டார். சுமார் 30 சதவீத நேரம்தான் இருவரும் ஒரே தாளத்தில் இருக்கிறார்கள். மீதி நேரமெல்லாம் பிசகுவதும், பிசகியதைச் சேர்த்துக்கொள்வதும்தான். அந்தச் சேர்த்துக்கொள்ளலை சீர்செய்தல் என்கிறார்கள். பிசகினாலும் திரும்பிச் சரியாகும் என்ற நம்பிக்கையைப் பிள்ளை அதில்தான் பெறுகிறது.

அந்தக் களிமண் நாளில் மத்தியானம் பிள்ளைகள் தூங்கி எழுந்ததும், சித்தி அந்தச் சின்னப்பெண் பக்கத்தில் பாயில் போய் உட்கார்ந்தார். “காலையில டீச்சர் கத்திட்டேன்ல? பயந்துட்டியா?” அவள் பேசவில்லை. “உன் பாம்பு எங்க? நான் பாக்கவே இல்லியே.” கொஞ்ச நேரம் கழித்து அவள் பாய்க்கு அடியில் கையை விட்டு, காய்ந்து மூன்று துண்டாகியிருந்த களிமண்ணை எடுத்து நீட்டினாள்.

“இது செத்துப்போச்சு டீச்சர். வேற செய்யலாம்.”